டம்ளர்கள் ஆடாத நாள்

போன வாரம் பெரியவரை ஏணி மேல் நிற்கவிட்டு வந்துவிட்டோம். அவர் பத்திரமாக இறங்கிவிட்டார். "விழுந்துவிடுவாரோ?" என்று பதறிய வாசகர்கள் மூச்சு விட்டுக்கொள்ளலாம். அவர் விழ வேண்டிய நாள் இன்றைக்குத்தான்.

ஏணியில் ஏறி அவர் மாட்டியது புதுப் பலகை. 'தம்பி நினைவு நைட்ரஜன் நிலையம்' என்று பச்சை எழுத்து. பக்கத்தில் சின்னவனின் சிரித்த முகம். ஏதோ கல்யாணத்தில் எடுத்த படம். ஆளை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். வெட்டியவர் அவசரக்காரர் போலிருக்கிறது. சின்னவன் காதுக்குக் கீழே ஒரு பெண்ணின் தோள் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தத் தோள் சின்னவளுடையது. அவனுடைய மனைவி.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. பெரியவர் டயர் கடைக்காரர். கீழே கடை, மேலே வீடு. அவருடைய ஒரே தம்பி சின்னவன். சில மாதங்களுக்கு முன் தம்பியும் மனைவியும் வெளியூருக்குக் காரில் போனார்கள். நெடுஞ்சாலையில் பின்பக்க டயர் வெடித்து வண்டி உருண்டது. சின்னவன் திரும்பி வரவில்லை. சின்னவள் வந்தாள், மேலே தூக்க முடியாத இடது தோளோடு. அன்றிலிருந்து பெரியவர் வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறாள். அதிகம் பேசுவதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், கொடுத்ததைச் சாப்பிடுவாள்.

பெரியவருக்கு உலகத்தில் நம்பிக்கை ஒன்றே ஒன்று. அது நைட்ரஜன்.

காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன்தான் என்று பள்ளிக்கூடப் புத்தகம் சொல்கிறது. மீதி ஒரு பங்கை வெளியே துரத்தித் தருவதாகச் சொல்லியே பெரியவர் ஒரு மாடி கட்டிவிட்டார். சாதாக் காற்று அடிக்க வருகிறவர்கள் அவர் கடையில் வெயிலில் நிற்க வேண்டும். நைட்ரஜன்காரர்களுக்கு மெத்தை வைத்த நாற்காலி, மின்விசிறி. பெரியவர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, அறுவைச் சிகிச்சை செய்யப் போகிறவர் மாதிரி டயர் பக்கத்தில் குந்துவார். பழைய காற்றை முழுக்க இறக்குவார். புதியதை ஏற்றுவார். கடைசியில் வால்வுக்கு ஒரு பச்சை மூடி. அந்த மூடியைத் திருகும்போது மட்டும் கண்ணை லேசாக மூடிக்கொள்வார்.

"ப்ளேன் டயர்ல இதான் சார் போடறாங்க" என்பார்.

ப்ளேனில் ஏறியதே இல்லை.

அவருடைய சட்டப் புத்தகத்தில் மன்னிப்பில்லாத குற்றம் ஒன்று உண்டு. நைட்ரஜன் டயரில் சாதாக் காற்றைக் கலப்பது. போன வருஷம் சின்னவன் எங்கேயோ வழியில் கொஞ்சம் காற்று அடித்துக்கொண்டு வந்துவிட்டான். அண்ணன் கண்டுபிடித்துவிட்டார். நாலு டயரையும் இறக்கி, முதலிலிருந்து ஏற்றினார். அதோடு விட்டிருந்தால் தம்பி பிழைத்திருப்பான் என்று இப்போது சொல்லலாம். அவர் விடவில்லை. சொந்தக்காரர் வீட்டுப் பந்தியில், எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்த இருபது பேருக்கும் கேட்கிற மாதிரி, "பால்ல சாக்கடைத் தண்ணி கலந்துட்டு வந்தான் எங்க வீட்டு அறிவாளி" என்றார். அந்த வாரம் முழுக்க யார் கடைக்கு வந்தாலும் அதே கதை. சின்னவன் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டான். பக்கத்தில் இருந்த சின்னவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

சரி, இன்றைக்கு வருவோம்.

காலையில் சமையலறையில் பெரியவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பெரியவரின் மனைவி, இந்த வீட்டில் அவரைப் பார்த்துச் சிரிக்கும் உரிமம் பெற்ற ஒரே ஆள். சின்னவள் ஒரு கையாலேயே பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பதினொரு மணிக்கு விழாவாம். வியாபாரிங்க சங்கத் தலைவர் புது வண்டியோட வரார். நீ பச்சை பட்டனை அமுக்கணுமாம்" என்றாள் பெரியவள்.

"நான் எதுக்குக்கா?"

"தம்பி நினைவு நிலையம்னா தம்பி பொண்டாட்டிதானே அமுக்கணும்? நான் அமுக்கினா அவர் இன்னும் இருக்கார்ல, கணக்கு இடிக்கும்."

சின்னவளுக்கு உதட்டோரம் அசைந்தது. இந்தச் சில மாதத்தில் அவ்வளவு அசைந்ததே பெரிது. பெரியவள் அதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள்.

இந்தச் சமையலறைக்கு ஒரு விசேஷம் உண்டு. நைட்ரஜன் மிஷின் இதற்கு நேர் கீழே, சுவரை ஒட்டி நிற்கிறது. அது ஓட ஆரம்பித்தால் சுவர் அதிரும். சுவரில் மாட்டியிருக்கும் தட்டில் டம்ளர்கள் எல்லாம் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுக்கும். சாதாக் காற்றுக்கான கம்ப்ரஸர் பின்கட்டுத் தகரக் கொட்டகையில் இருக்கிறது. அது உறுமினாலும் டம்ளர் அசையாது. அதனால் கடையில் நைட்ரஜன் வியாபாரம் எப்படி என்று பெரியவள் யாரையும் கேட்பதில்லை. டம்ளரைக் கேட்டுக்கொள்வாள்.

சின்னவள் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். கடை வாசலில் ஒரு கார். பெரியவர் கையுறையோடு குந்தியிருந்தார். கண்ணை லேசாக மூடிக்கொண்டு பச்சை மூடியைத் திருகினார்.

"காலையிலேயே ரெண்டு வண்டி போயாச்சு போலிருக்கே" என்றாள்.

"ம்."

"டம்ளர் ஆடலையேக்கா?"

பெரியவள் கத்தியைப் போட்டாள். எழுந்துபோய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். கழுவ அங்கே எதுவும் இல்லை. தண்ணீர் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது.

சின்னவள் துடைத்துக்கொண்டிருந்த பாத்திரத்தை மெதுவாகக் கீழே வைத்தாள்.

ஊருக்குக் கிளம்பிய அன்று காலையும் அவள் இதே சமையலறையில்தான் இருந்தாள். கீழே பெரியவர் சின்னவனின் வண்டிக்கு நைட்ரஜன் போட்டுக்கொண்டிருந்தார். இவள் காபி குடித்துக்கொண்டே அந்தத் தட்டைப் பார்த்து, "இன்னைக்கு உங்க டம்ளருக்கெல்லாம் லீவா அக்கா?" என்று கேட்டாள். "அதுங்களுக்கும் ஒரு நாள் ஓய்வு வேணாமா?" என்றாள் பெரியவள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கீழேயிருந்து சின்னவன் ஹாரன் அடித்தான். இவள் பாதிக் காபியை வைத்துவிட்டு ஓடினாள்.

"அக்கா. குழாயை மூடுங்க."

மூடினாள்.

"அன்னைக்கும் ஆடலை."

பெரியவள் குழாயைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "எனக்கு அப்பவே தெரியும்டி" என்றாள். "மிஷின் மூணு நாளா நின்னு கிடந்தது. சிரிச்சுட்டு விட்டுட்டேன். காத்துதானேன்னு விட்டுட்டேன்."

சின்னவள் தன் அறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது இஸ்திரி போட்ட உடை உடுத்தியிருந்தாள்.

"போய் பட்டனை அமுக்கிட்டு வரேன்" என்றாள்.

*

விழா என்றால் பத்து நாற்காலி, ஒரு மைக். மைக்குக்கு அவசியமே இல்லை. பத்து பேருக்கும் பெரியவரின் சாதாரணப் பேச்சே தெருமுனை வரை கேட்கும். ஆனால் மைக் இல்லாமல் அவருக்குத் துக்கம் வராது.

"என் தம்பி இருந்திருந்தா..." என்று ஆரம்பித்துக் கண்ணைத் துடைத்தார். கையுறையாலேயே துடைத்தார். அந்தக் கண்ணீரில் கலப்படம் இல்லை. அதை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். தம்பி போன பிறகு அவர் இரண்டு சுற்று இளைத்திருந்தார். பேச்சுதான் இளைக்கவில்லை.

சங்கத் தலைவர் முன்வரிசையில் இருந்தார். கூட்டத்தில் சந்தேகம் கேட்டால் அறிவாளி என்று பெயர் வரும் என்று யாரோ அவருக்கு இளம் வயதிலேயே சொல்லிவிட்டார்கள். மைக்கை வாங்கினார்.

"எனக்கு ஒரு டவுட். இப்ப நான் வெளியூர் போறேன். வழியில காத்து குறையுது. பக்கத்துல நைட்ரஜன் இல்லை. சாதாக் காத்து அடிச்சுக்கலாமா?"

மிஷின் பக்கத்தில் நின்றிருந்த சின்னவள் நிமிர்ந்தாள்.

பெரியவருக்கு இது நெய்யில் முறுகிய கேள்வி. "கலக்கவே கூடாது தலைவரே! எவ்வளவு தூரம் ஆனாலும் நைட்ரஜன் கிடைக்கிற வரைக்கும் பொறுத்துக்கணும்" என்று முழங்கினார்.

பத்து பேர் கை தட்டினார்கள்.

"அடிச்சுக்குங்க ஐயா" என்றாள் சின்னவள்.

அவளிடம் மைக் இல்லை. தலைவருக்கும் பெரியவருக்கும் மட்டும்தான் கேட்டது. "என்னம்மா?"

"எங்க குறையுதோ அங்கேயே அடிச்சுக்குங்க. எந்தக் காத்தா இருந்தாலும் பரவாயில்ல. பொறுக்காதீங்க."

தலைவர் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் சிரிப்பது மாதிரி ஒன்று செய்தார். "பட்டனை அமுக்கும்மா, நேரமாகுது."

சின்னவள் அமுக்கினாள். பச்சை விளக்கு எரிந்தது. மறுபடியும் கைதட்டல். அவள் உள்ளங்கையை மிஷினின் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தாள். மேலே ஒரு வீட்டுச் சுவரையே உலுக்குகிற மிஷின், சுவரில் சாத்தி வைத்த பீரோ மாதிரி சும்மா நின்றது. அதன் பின்னாலிருந்து ஒரு குழாய் தரையோடு தரையாக ஓடியது. எங்கே போகிறது என்று பார்த்தாள். பின்கட்டுக்குப் போயிற்று. கம்ப்ரஸர் இருக்கிற தகரக் கொட்டகைக்கு.

"மாமா, ஒரு நிமிஷம் உள்ள வாங்க" என்றாள்.

தலைவருக்குச் சந்தர்ப்பம் கிடைத்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயுக்களின் வரலாற்றை ஆரம்பித்தார்.

*

டயர் அடுக்கி வைத்திருக்கும் பின்னறை. புது ரப்பர் வாசனை. ஜன்னல் இல்லாத அறை என்பதால் வெளியே தலைவர் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் கேட்டது.

"மிஷின் ஓடலை மாமா."

"ஓடுதும்மா. புது மாடல் பார்ட் போட்டிருக்கு, சத்தமே வராது..."

"மாமா."

பெரியவர் கையுறையைக் கழற்ற ஆரம்பித்தார். வலது கைக்கு மாட்டியது லேசில் வரவில்லை. "ரெண்டு நாளா நின்னுடுச்சு. பார்ட் சொல்லியிருக்கேன். விழாவைத் தள்ளிப்போட முடியலை."

"நாங்க ஊருக்குப் போன அன்னைக்கு?"

கையுறையை இழுத்த கை நின்றது.

பெரியவர் ஒரு டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்தது பெரியவர் மாதிரியே இல்லை. யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன மூட்டை மாதிரி இருந்தது.

"தெரிஞ்சுபோச்சா" என்றார். "தெரியட்டும். நான்தாம்மா அவனைக் கொன்னேன்."

சின்னவள் அசையவில்லை.

"அன்னைக்கு மிஷின் ரிப்பேர். அவன்கிட்ட சொல்ல வெட்கமா இருந்தது. சொன்னா சிரிப்பான். உன் மிஷினும் மூச்சை விட்டுடுச்சான்னு கேப்பான். அதனால சாதாக் காத்தை அடிச்சுப் பச்சை மூடி போட்டு அனுப்பிட்டேன். கூடப்பிறந்தவனுக்கு. நைட்ரஜன் இருந்திருந்தா அந்த டயர் வெடிச்சிருக்காதும்மா. தினம் தினம் அதை நினைச்சுத்தான்..." பாதி கழன்ற கையுறையைப் பார்த்தார். "அதுக்குத்தான் இந்த நிலையம், இந்தப் பலகை எல்லாம். இனிமே ஒருத்தனுக்கும் அப்படி ஆகக் கூடாதுன்னு."

வாசகர்களே, இவரைப் பார்த்து இதுவரை சிரித்திருக்கிறோம். இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறுகிறது. ஊரை நம்ப வைக்கப் பேசியதை எல்லாம் மனிதர் தானும் நம்பியிருக்கிறார். சாதாக் காற்று கொல்லும் என்று மனசார நம்பி, அந்தக் குற்றத்தைத் தலையில் சுமந்து இளைத்திருக்கிறார்.

"சாதாக் காத்து ஒண்ணும் பண்ணலை மாமா" என்றாள் சின்னவள். குரலில் கோபமே இல்லாதது கேட்கப் பயமாக இருந்தது. "ஊர்ல முக்கால்வாசி வண்டி அதுலதானே ஓடுது. டயர்ல எங்கேயோ ஆணி ஏறி, கொஞ்சம் கொஞ்சமா இறங்கியிருக்கு. இறங்கின டயர்ல வேகமா போனோம். சூடாகி வெடிச்சிடுச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்து விசாரிச்சவங்க அப்பவே என்கிட்ட சொல்லிட்டாங்க. நான்தான் உங்க யார்கிட்டயும் சொல்லலை."

"இறங்கினது அவனுக்குத் தெரியலையா? கண்ணு என்ன..."

"தெரிஞ்சுது."

வெளியே தலைவர் ஆக்ஸிஜனுக்கு வந்திருந்தார். யாரோ இருமினார்கள்.

"ஒரு பெட்ரோல் பங்க்ல நிறுத்தினார். இறங்கிப் போய் டயரைத் தட்டிப் பார்த்தார். 'பின்னாடி கம்மியா இருக்குடி, கொஞ்சம் அடிச்சுக்கறேன்'னார். காத்து அடிக்கிற குழாய் அவர் கைக்கு எட்டுற தூரத்துல தொங்கிட்டு இருந்துது மாமா. அதைக் கையில எடுத்துட்டார்." சின்னவள் தன் வலது கையைப் பார்த்தாள். "நான் ஜன்னல் வழியா கத்தினேன். வேணாங்க, வெச்சுடுங்க, அடுத்த ஊர்ல நைட்ரஜன் கடை இருக்கும்னு."

"ஏம்மா?"

மாதக்கணக்கில் யாருக்கும் சொல்லாததைச் சொல்வதற்கு முன், வழியில் கிடந்த பச்சை மூடி ஒன்றைக் காலால் ஓரம் தள்ளினாள்.

"நீங்க திட்டுவீங்கன்னு."

பெரியவர் வாயைத் திறந்தார். எதற்கும் ஒரு சொற்பொழிவு வைத்திருக்கிற வாய். அதிலிருந்து காற்று மட்டும் வந்தது.

"அன்னைக்குப் பந்தியில நீங்க பேசினது எனக்கு மறக்கவே இல்லை. அவர் சிரிச்சுக்கிட்டார். எனக்குத்தான் தாங்கலை. இன்னொரு தடவை இருபது பேர் முன்னாடி அவர் தலை குனியக் கூடாதுன்னு நினைச்சேன்." அவளுக்கு இப்போதுதான் குரல் உடைந்தது. "'உங்க அண்ணனுக்கு யார் பதில் சொல்றது'ன்னேன். அவரும் சரின்னு குழாயை மாட்டிட்டு வந்து ஏறிட்டார். நான் சொன்னா கேட்டுப்பார் மாமா. எதுக்குமே மறுத்துப் பேச மாட்டார்."

பின்னறைக்குள் இறங்கும் மாடிப்படியின் கடைசிப் படியில் பெரியவள் நின்றிருந்தாள். எப்போது இறங்கி வந்தாள் என்று இருவரும் கவனிக்கவில்லை.

"மிஷின் ரிப்பேருடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று புருஷனைக் கேட்டாள். "உள்ள இருக்கிறது சாதாக் காத்துதான்னு தெரிஞ்சிருந்தா பங்க்ல அடிச்சுட்டுப் போயிருப்பாங்களே. ஒரு வார்த்தை."

பெரியவர் டயர் அடுக்கிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் சுமந்து இளைத்த குற்றத்தை சின்னவள் வந்து இறக்கி வைத்துவிட்டாள். இறக்கிய இடத்தில் வேறொன்றை ஏற்றியும் விட்டாள். முன்னதற்காவது ஒரு மிஷினைக் காட்டிப் பழி போடலாம். இதற்குத் தன் வாயைத் தவிரக் காட்ட ஒன்றும் இல்லை.

அவர் எழுந்தார். ஒரு கையில் கையுறை அப்படியே இருந்தது. சுவர் ஓரம் கிடந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

*

தலைவர் அவரைப் பார்த்ததும் பேச்சை முடித்துக்கொண்டார். "இதோ நம்ம நிலையத்தின் தந்தை வந்துவிட்டார்! நிறைவுரை ஆற்றும்படி..."

பெரியவர் மைக்கைத் தாண்டிப் போனார். கடை வாசலில் சாத்தியிருந்த ஏணியை இழுத்துப் பலகைக்குக் கீழே போட்டார். ஏறினார்.

பலகை சாய்ந்திருக்கிறது, சரி பண்ணப் போகிறார் என்று நினைத்துக் கூட்டம் கை தட்டியது. இந்த மனிதர் என்ன செய்தாலும் கை தட்டிப் பழகிவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

மேலே போனதும் பெரியவர் நின்றுவிட்டார். பலகை நாலு திருகாணியில் நிற்கிறது. பலகை வந்தால் படமும் சேர்ந்து வரும். பச்சை எழுத்துகளைத் தூக்கிப் போடுவதற்கு அவர் தயார்தான். தம்பியின் முகத்தைத் தன் கையாலேயே இறக்க வேண்டுமே. கையுறை போட்ட கை ஒரு திருகாணியின் மேல் ஸ்க்ரூ டிரைவரை வைத்தது. எடுத்தது. இன்னொன்றின் மேல் வைத்தது. சின்னவன் ஒரு சாண் தூரத்தில் சிரித்துக்கொண்டிருந்தான், காதுக்குக் கீழே பாதித் தோளோடு.

"ஏணி ஆடுது பாருங்க! யாராவது பிடிங்கப்பா!" என்று தலைவர் மைக்கிலேயே கத்தினார்.

நாற்காலியில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சின்னவள் நடந்து வந்தாள். ஏணிக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். படத்தைப் பார்த்தாளா, பெரியவரைப் பார்த்தாளா என்பது மாடி ஜன்னலுக்குப் போய்விட்டிருந்த பெரியவளுக்கும் புரியவில்லை.

பிறகு நல்ல கையால் ஏணியைப் பிடித்தாள்.

"என்னம்மா பண்ணட்டும்?" என்று பெரியவர் மேலிருந்து கேட்டார். அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி அந்தத் தெரு கேட்டதே இல்லை.

அவள் பதில் சொல்லவில்லை. பிடியையும் விடவில்லை.

ஏணி நடுங்கிக்கொண்டே இருந்தது. நடுக்கம் மேலிருந்து இறங்குகிறதா, கீழிருந்து ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த யாராலும் சொல்ல முடியவில்லை.